கணிப்பொறிக்குள் ஒரு நீர்ச்சுற்று: எதன்பின் எதை வைப்பது?

மின்சாரம் ஓடும் பெட்டிக்குள் தண்ணீரையும் ஓடவிடுவதா என்று யாரேனும் திகைத்தால் அவர்மீது குற்றமில்லை. ஈரக் கையால் சுவிட்சைத் தொடாதே என்று சொல்லித்தானே நம்மை வளர்த்தார்கள்? ஆயினும் தலைநகரில் நேரு பிளேஸ் கடைத்தெருவை ஒரு முறை சுற்றிவந்தால், கண்ணாடிப் பக்கம் வைத்த கணிப்பொறிப் பெட்டிகளுக்குள் பச்சை, நீலம், சிவப்பு என்று குழாய்களில் நீர் ஓடிக்கொண்டிருப்பதைக் காணலாம். அழகுக்காக வாங்குவோரும் உண்டு. அவர்களை விட்டுவிடுவோம். இரவும் பகலும் கணக்கை ஓட்டிவைத்து, மே மாத வெயிலில் கணிப்பொறி தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொண்டு தவழுவதைக் கண்டு நொந்துபோன ஆராய்ச்சி மாணவர்களுக்காகவே இக்கட்டுரை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கணிப்பொறியை நீரால் குளிர்விப்பது நேற்று வந்த மோகமன்று. 1980-இல் ஐ.பி.எம். நிறுவனம் அறிவித்த 3081 என்னும் பெருங்கணிப்பொறியில் நீரே வெப்பத்தைச் சுமந்து சென்றது. 1985-இல் வெளிவந்த கிரே-2 இன்னும் ஒருபடி மேலே சென்று, மின்சாரத்தைக் கடத்தாத திரவம் ஒன்றில் தன் உறுப்புகளையெல்லாம் அமிழ்த்தியே வைத்துக்கொண்டது. ஜெர்மனியில் மியூனிக் நகரின் அருகே கார்ஷிங் என்னும் ஊரில் 2012-இல் இயங்கத் தொடங்கிய சூப்பர்மக் என்னும் கணிப்பொறியோ குளிர்ந்த நீரைக் கேட்கவே இல்லை. 45 டிகிரி வரை சூடான நீரே அதற்குப் போதுமானதாயிருந்தது! இந்தச் செய்தியை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். தில்லி வெயிலைப் பற்றிப் பேசும்போது இது நமக்கு வேண்டும்.

காற்றை விட்டு நீரை நாடுவது ஏன்? ஒரு லிட்டர் நீரின் உஷ்ணநிலை ஒரு டிகிரி உயர வேண்டுமானால் ஏறத்தாழ 4,180 ஜூல் வெப்பம் வேண்டும். ஒரு லிட்டர் காற்றுக்கோ 1.2 ஜூல் போதும். அதாவது, ஒரே அளவு இடத்தில் நீர் காற்றைப்போல் மூவாயிரத்து ஐந்நூறு மடங்கு வெப்பத்தைச் சுமக்கும். இக்கட்டுரையில் வரும் வாதம் முழுவதும் இந்த ஒரு வித்தியாசத்திலிருந்துதான் கிளைக்கிறது.

நீர்ச்சுற்றின் உறுப்புகள் சிலவே. வெப்பத்தை உண்டாக்குபவை பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும். இவற்றின்மேல் செப்புப் பாளம் ஒன்று அழுந்தப் பொருந்தி உட்காரும். கடைக்காரர் இதனை ‘வாட்டர் பிளாக்’ என்பார். பாளத்தின் உள்ளே மயிரிழை போன்ற வாய்க்கால்கள் வெட்டப்பட்டிருக்கும். நீர் அவற்றினூடே பாய்ந்து வெப்பத்தை வாங்கிக்கொண்டு ரேடியேட்டருக்குச் செல்லும். மோட்டார் காரின் முன்புறத்தில் இருக்கிறதே, அதன் தம்பிதான் இதுவும். விசிறி வீசும் காற்று அங்கே நீரின் வெப்பத்தை வாங்கிக்கொள்ளும். நீரைத் தள்ளுவதற்கு ஒரு பம்பு. மிகுதி நீரை வைத்துக்கொள்ளவும், குமிழிகள் பிரிந்து மேலே வரவும் ஒரு சிறு தொட்டி. இவ்வளவே.

இவற்றை எந்த வரிசையில் இணைப்பது என்பதில்தான் விடுதிகளில் வாதம் மூள்கிறது. இயற்பியல் ஆராய்ச்சி மாணவரான நண்பர் ஒருவர் ஒரு படம் வரைந்து கொண்டுவந்தார். பம்பு, பிராசசர், ஒரு ரேடியேட்டர். பிறகு கிராபிக்ஸ் கார்டு, மற்றொரு ரேடியேட்டர், தொட்டி என்பது அவருடைய வரிசை. “பிராசசரில் சூடான நீரை அப்படியே கார்டுக்குள் அனுப்பலாமா? நடுவில் குளிர்வித்துத்தானே அனுப்ப வேண்டும்?” என்பது அவர் கேள்வி. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த வரிசைக்காகக் குழாய் பெட்டியின் இக்கோடிக்கும் அக்கோடிக்குமாக இரண்டு முறை குறுக்கே போக வேண்டியிருந்தது. எட்டு முழங்கை இணைப்புகள் தேவைப்பட்டன. ஒவ்வோர் இணைப்பும் பணம். ஒவ்வோர் இணைப்பும் கசிவதற்கு ஓர் இடம்.

உணர்ச்சியை ஒதுக்கிவிட்டுக் கணக்கைப் பார்ப்போம். பிராசசர் 150 வாட், கார்டு 300 வாட் வெப்பத்தை வெளியிடுவதாகவும், பம்பு நிமிடத்துக்கு 4 லிட்டர் நீரைத் தள்ளுவதாகவும் கொள்வோம். இவை நடைமுறையில் காணக்கூடிய எண்களே. நிமிடத்துக்கு 4 லிட்டர் என்றால், நீரின் உஷ்ணநிலையை ஒரு டிகிரி உயர்த்தவே 279 வாட் வேண்டும். ஆகவே பிராசசரைக் கடக்கும் நீர் சூடேறுவது அரை டிகிரிக்குச் சற்று மேல். கார்டைக் கடக்கையில் ஒரு டிகிரிக்குச் சற்று மேல். இரண்டையும் அடுத்தடுத்துக் கடந்தாலும் மொத்தம் 1.6 டிகிரிதான். சுற்றில் இருப்பது ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர் என்றால், அது கால் நிமிடத்தில் ஒரு முழுச் சுற்றை முடித்துவிடுகிறது. நீர் ஓரிடத்தில் கொதிநீராகவும் மற்றோரிடத்தில் குளிர்நீராகவும் இருப்பதாக நாம் கற்பனை செய்கிறோம். உண்மையில், கணிப்பொறி சில மணி நேரம் ஓடியபின் சுற்று முழுவதிலும் நீர் ஏறக்குறைய ஒரே உஷ்ணநிலையில்தான் இருக்கும். பிராசசரின் உட்புறமோ நீரைவிட இருபது முப்பது டிகிரி சூடாக இருக்கும். அதில் அரை டிகிரி, ஒரு டிகிரியைச் சேமிப்பதற்காகக் குழாயை இரண்டு முறை குறுக்கே இழுப்பானேன்?

நண்பர் விடவில்லை. “அப்படியானால் பம்பை மெல்ல ஓட்டுவோம். நீர் ரேடியேட்டரில் அதிக நேரம் தங்கி நன்றாகக் குளிருமல்லவா?” என்றார். இந்த மயக்கம் பலருக்கும் உண்டு. ரேடியேட்டரில் அதிக நேரம் தங்கும் நீர் பாளத்திலும் அதிக நேரம் தங்கி அதிகம் சூடேறும் என்பதை மறந்துவிடுகிறோம். நீர் நிமிடத்துக்கு ஒரு லிட்டராகக் குறைந்தால், மேற்சொன்ன 1.6 டிகிரி 6.5 டிகிரியாகிவிடும். கார்டைக் கடந்து பிராசசருக்கு வரும் நீர் அப்போது நான்கு டிகிரிக்கு மேல் சூடாக வரும். வரிசை என்பதற்கு ஒரு பொருள் ஏற்படுவது அப்போதுதான்! அதாவது, நீர் தாராளமாக ஓடினால் வரிசையைப் பற்றிக் கவலை இல்லை. வரிசையைச் சரிசெய்கிறேன் என்று குழாயை நீட்டி, முழங்கைகளைக் கூட்டி, ஓட்டத்தைத் தடுத்தால், இல்லாத கவலையை நாமே விலைக்கு வாங்கியவர்களாவோம்.

ஆகவே குழாயை எப்படி இழுத்தால் குறைந்த நீளமும் குறைந்த வளைவும் அமையுமோ, கைக்கு எட்டும்படி இருக்குமோ, அந்த வரிசையே நல்ல வரிசை. கார்டுகள் இரண்டு மூன்று இருந்தால் நீரை அவற்றுக்கிடையே கிளையாகப் பிரித்தும் விடலாம். ஒரே மாதிரியான கார்டுகளானால் நீர் ஒரே அளவாகப் பிரியும். வேறு வேறானால், எந்தக் கிளையில் தடை குறைவோ அங்கேதான் நீர் பாயும் என்பது வயலுக்கு வாய்க்கால் வெட்டியவர்களுக்கு நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஆனால் ஓரிடத்தில் மட்டும் வரிசைக்கு விலக்கே கிடையாது. தொட்டியிலிருந்து வெளிவரும் நீர் நேரே பம்புக்குள் போக வேண்டும். தொட்டியின் நீர்மட்டம் பம்புக்கு மேலே இருக்கவும் வேண்டும்.

ஊரில் கிணற்று மோட்டாரை ஓட்டியவர்களுக்கு இதன் காரணம் உடனே விளங்கும். ஃபுட் வால்வு பழுதாகிக் குழாயில் நீர் இறங்கிவிட்டால் மோட்டார் வெறுமனே சுற்றும். ஒரு சொட்டு நீரும் வராது. ‘காற்று வாங்கிவிட்டது’ என்பார்கள். பிறகு குடம் குடமாக நீர் ஊற்றித்தான் அதைக் கிளப்ப வேண்டும். கணிப்பொறியின் பம்பும் அதே இனம்தான். சுழலும் தகடு நீரை ஓரத்துக்கு வீசித் தள்ளும். காற்றை இழுத்து நீரை வரவழைக்கும் சாமர்த்தியம் அதற்குக் கிடையாது. கிணற்று மோட்டாருக்காவது தனியாக மசகு உண்டு. இந்தச் சிறு பம்புகளுக்கோ ஓடும் நீரே மசகு. பலரும் வாங்கும் டி5 என்னும் வகையில், சுழலி சிறியதொரு பீங்கான் குண்டின்மேல் அமர்ந்து நீருக்குள்ளேயே சுழல்கிறது. நீரில்லாமல் ஓடினால் அது தேய்ந்து கெட்டுப்போகும். தொட்டி மேலே இருந்தால், பம்பு ஓடாதபோதும் நீர் தன் எடையாலேயே இறங்கிப் பம்பை நிரப்பிவைத்திருக்கும். தொட்டியும் பம்பும் ஒன்றாகவே இணைந்து கிடைக்கின்றன. முதன்முறை கட்டுவோர் அதையே வாங்குவது நல்லது. தவறு செய்ய இடமே இராது.

கடைகளில் நீர் நிரப்பி மூடியே விற்கும் சுற்றுகளிலும் இதே விதி மறைந்திருக்கிறது. அவற்றில் தொட்டி தனியே இல்லை. பம்பு பெரும்பாலும் பிராசசரின் மேல் உட்காரும் தலைப்பகுதியிலேயே இருக்கும். உள்ளே சிறிது காற்று எப்போதும் உண்டு. நாளடைவில் குழாயின் சுவர் வழியே நீர் சிறுகச் சிறுக ஆவியாகிக் கசிந்து போவதால் அக்காற்று பெருகும். காற்று எப்போதும் உயர்ந்த இடத்தையே நாடும். ரேடியேட்டரைப் பெட்டியின் கூரையில் பொருத்தினால் காற்று அங்கே போய்ச் சேர்ந்து சும்மா கிடக்கும். முன்புறம் நிறுத்தி வைத்தால் அதன் மேல்நுனி பம்பைவிட உயரமாக இருக்குமாறு பார்க்க வேண்டும். குழாய்கள் கீழ்ப்புறமாக வருமாறு வைத்தால் இன்னும் நல்லது. பெட்டியின் அடியில் படுக்கவைத்தால் பம்பே யாவற்றினும் உயரமான இடமாகிவிடும். பம்பு கலகலவென்று சத்தமிடத் தொடங்கினால் காற்று வந்துவிட்டது என்று அறிக. இருபது நிமிட வேலைக்குச் சோம்பி, சில ஆண்டு உழைக்க வேண்டிய பொருளைச் சில மாதங்களில் கொல்லுவதா?

இனி, நண்பரின் படத்தில் ஒருவரும் கவனியாத வரிசை ஒன்றுக்கு வருவோம். நீர் எதன்பின் எதைக் கடக்கிறது என்று இவ்வளவு நேரம் வாதாடினோம். காற்று எதன்பின் எதைக் கடக்கிறது என்று யாரும் கேட்கவில்லை.

அவருடைய பெட்டியின் முன்புறத்தில் மூன்று விசிறிகள் கொண்ட ரேடியேட்டர், காற்றை உள்ளே இழுக்கிறது. கூரையில் இரண்டு விசிறிகள் கொண்ட ரேடியேட்டர், பெட்டிக்குள் இருக்கும் காற்றை வெளியே தள்ளுகிறது. முன்புறத்து விசிறிகள் மூன்றும் சேர்ந்து வினாடிக்கு 40 லிட்டர் காற்றை இழுப்பதாகக் கொள்வோம். அந்தக் காற்று ஒரு டிகிரி சூடேற 48 ஜூல் போதும் என்பது முன்பு சொன்ன எண்ணிலிருந்தே கிடைக்கும். முன்புற ரேடியேட்டர் 250 வாட் வெப்பத்தைக் கொடுத்தால் காற்று ஐந்து டிகிரிக்கு மேல் சூடாகிவிடும்! நீரில் அரை டிகிரிக்காக அலைந்தோம். இங்கே ஐந்து டிகிரி வீணாகிறது. ரேடியேட்டர் வெளியேற்றும் வெப்பம், நீருக்கும் காற்றுக்கும் உள்ள உஷ்ணநிலை வித்தியாசத்தைப் பொறுத்தது. நீர் அறையைவிடப் பத்து டிகிரி சூடாக இருக்கையில், ஐந்து டிகிரி சூடேறிய காற்றைப் பெறும் கூரை ரேடியேட்டர் பாதி வேலையே செய்யும். விலை மட்டும் முழு விலை.

இதற்குப் பரிகாரம் எளிது. இரண்டு ரேடியேட்டர்களும் அறைக் காற்றையே நேராகப் பெறுமாறு விசிறிகளைத் திருப்பிவைக்கலாம். சூடான காற்று பின்புற விசிறி வழியாகவும் இடுக்குகள் வழியாகவும் வெளியேறும். பெட்டிக்குள் இருக்கும் மற்ற உறுப்புகள் சற்றுச் சூடான காற்றைச் சகித்துக்கொள்ள வேண்டும். பிராசசரும் கார்டும் நீரின் பாதுகாப்பில் இருப்பதால் பெரும்பாலும் அது சாத்தியமே. நண்பர் முழங்கைகள் அனைத்தையும் விட்டுவிட்டு இரண்டு விசிறிகளைத் திருப்பிப் போட்டார். செலவு ஒன்றுமில்லை, திருப்புளி மட்டுமே வேண்டியிருந்தது.

தில்லி வெயிலுக்கு வருவோம். இத்துறையில் நாம் படிக்கும் குறிப்புகளில் பெரும்பாலானவை 20, 22 டிகிரி அறைகளில் வாழ்வோர் எழுதியவை. எவ்வளவு பெரிய ரேடியேட்டரானாலும் நீரை அறைக் காற்றைவிடக் குளிர்ச்சியாக்க முடியாது. விடுதி அறை மே மாதத்தில் 40 டிகிரியில் இருந்தால், நீர் 50 டிகிரியில் ஓடும். சூப்பர்மக் கதையை நினைவுகூர்ந்தால், இதில் அஞ்ச வேண்டியதில்லை என்பது விளங்கும். பிராசசர்கள் தொண்ணூறு டிகிரிக்கு மேல் சென்ற பிறகே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் வகையில் அமைந்துள்ளன. அஞ்ச வேண்டியது பம்புக்காக. 60 டிகிரிக்கு மேற்பட்ட நீர் கூடாது என்பது டி5 போன்ற பம்புகளுக்குரிய வரம்பு. லண்டனில் இருப்பவர் அந்த வரம்பை எட்ட நாற்பது டிகிரி ஏற வேண்டும். நமக்கு இருப்பது இருபதுதான். ஆதலின் நாம் ரேடியேட்டரில் சிக்கனம் பிடிக்கலாகாது. 120 மில்லிமீட்டர் விசிறி ஒன்றுக்கு ஏறத்தாழ 100 வாட் என்பது கட்டுவோரிடையே வழங்கும் கைக்கணக்கு. 450 வாட்டுக்கு ஐந்து விசிறி அளவு, அதாவது ஒரு 360-உம் ஒரு 240-உம் வேண்டும். நண்பர் வாங்கியிருந்ததும் அதுவே. அதில் அவரைக் குறை சொல்வதற்கில்லை. இவ்வூர்ப் புழுதியை மட்டும் மறக்கலாகாது. ரேடியேட்டரின் தகடுகளுக்கிடையே தூசு அடைந்துவிட்டால் எந்தக் கைக்கணக்கும் பொய்யாகும். மாதம் ஒரு முறை தூரிகையால் தட்டிவிட வேண்டும்.

தொட்டியில் பனிக்கட்டியைப் போட்டால் என்ன என்று கேட்பவர்களும் உண்டு. ஆடி ஆவணியில் தில்லியின் காற்றில் ஈரம் ததும்பும். ஐஸ் நீர் வைத்த தம்ளரின் வெளிப்புறம் வியர்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதே வியர்வை மதர்போர்டின் மேல் பூத்தால் என்ன ஆகும் என்பதை விவரிக்க வேண்டியதில்லை. நீர் அறைக் காற்றைவிடச் சூடாக இருப்பதே நமக்குக் காவல்.

உலோகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பாளங்கள் பெரும்பாலும் செம்பு, அல்லது நிக்கல் பூசிய செம்பு. ரேடியேட்டரில் செம்பும் பித்தளையும் உண்டு. மலிவானவற்றில் அலுமினியமும் உண்டு. செம்பையும் அலுமினியத்தையும் ஒரே நீரில் நனைத்துவைத்தால், பள்ளிப் பௌதிகத்தில் படித்த மின்கலம் ஒன்று தானே உருவாகிவிடும். அலுமினியம் அரிக்கப்பட்டுச் சேறாகி, பாளத்தின் மயிரிழை வாய்க்கால்களை அடைக்கும். வாங்கும்போதே கேட்டறிந்து, செம்பானால் யாவும் செம்பினம் என்று வைத்துக்கொள்ள வேண்டும். குழாய்த் தண்ணீர் ஆகாது. அதிலுள்ள உப்பு படியும். வாலைவடி நீரோடு, பாசி பிடிப்பதையும் உலோகம் அரிப்பதையும் தடுக்கும் மருந்தைக் கலந்து ஊற்றுவதே முறை. வாலைவடி நீர் மின்சாரத்தைக் கடத்தாதே, கசிந்தால் என்ன என்று சிலர் துணிகிறார்கள். சுற்றுக்குள் சில நாள் ஓடி உலோகத்தையும் மருந்தையும் கரைத்துக்கொண்டபின் அது வாலைவடி நீரன்று.

முதன்முறை நீர் நிரப்பும்போது கணிப்பொறிக்கு மின்சாரம் போகலாகாது. மின்வழங்கியை மதர்போர்டிலிருந்தும் கார்டிலிருந்தும் பிரித்துவிட்டு, பம்புக்கு மட்டும் இணைப்புக் கொடுக்க வேண்டும். தொட்டி நிறையும் வரை ஊற்றி, பம்பைச் சில வினாடி ஓட்டி, நீர்மட்டம் இறங்கியதும் நிறுத்தி, மறுபடி ஊற்றி, மறுபடி ஓட்ட வேண்டும். பெட்டியை முன்னும் பின்னும் மெல்லச் சாய்த்தால் ரேடியேட்டரில் ஒளிந்திருக்கும் காற்று தொட்டிக்கு வந்து சேரும். ஒவ்வோர் இணைப்பின் அடியிலும் மெல்லிய வெள்ளைக் காகிதத்தைச் செருகி, ஒரு முழு நாள் பம்பை மட்டும் ஓடவிட வேண்டும். ஒரு சொட்டுக் கசிந்தாலும் காகிதம் காட்டிக்கொடுக்கும். மின்சாரம் இல்லாத பலகையில் விழுந்த சொட்டைத் துடைத்து நன்கு உலர்த்திவிடலாம். மின்சாரம் ஓடும் பலகையில் விழுந்த சொட்டுக்கு மருந்தில்லை. நண்பரின் சுற்றில் மூன்றாம் மணி நேரத்தில், கார்டின் கீழிணைப்பில் காகிதம் நனைந்தது; ரப்பர் வளையம் ஒன்று முறுக்கிக்கொண்டிருந்தது. வளையத்தை மாற்றி, மறுபடி முழு நாள் ஓட்டினார்.

சுற்றின் மிகத் தாழ்ந்த இடத்தில் மூன்று வழி இணைப்பு ஒன்றும் அதில் ஒரு சிறு வால்வும் வைத்துவிடுங்கள். இது இல்லாதவர்கள், ஓராண்டு கழித்து நீர் மாற்றும் நாளன்று பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்துக்கொண்டு இருவராக நிற்பதைக் கண்டிருக்கிறோம். வால்வு இருந்தால் மூடியைத் திறந்து காற்றுக்கு வழிவிட்டு, கீழே ஒரு பாத்திரம் பிடிக்க வேண்டியதுதான். அந்தப் பாத்திரத்தை மட்டும் மெஸ்ஸிலிருந்து எடுத்து வராதீர்கள். அந்த மருந்துநீர் உண்ணும் பாத்திரத்தில் படக்கூடாதது.